கலைக்கூடத்துக் கல்லுக்கு விபூதி

போன வாரம் திவ்யா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பள்ளியில் இப்போது நான்காம் ஆண்டுக்கு அவள்தான் வகுப்பாசிரியை. பின்னணியில் மீன் பொரியும் சத்தம். "டீச்சர், பிள்ளைங்கள கே.எல். ஆர்ட் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். இங்க எல்லாரும், எதுக்குலா அவ்ளோ தூரம், ஸ்மார்ட் டிவியிலேயே உள்ளுக்குச் சுத்திக் காட்டிறலாமேங்கறாங்க. நீங்கதான் முன்ன கூட்டிட்டுப் போனீங்களாமே. மொதல்ல எதை ரெடி பண்ணணும், சொல்லுங்களேன்."

சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் சொல்வது என் பழைய வியாதி. கைப்பேசியில் பேசிப் பேசி அழித்துவிட்டு, கடைசியில் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுத்தந்தார்கள், பலகையில் கோணாமல் எழுதக் கற்றுத்தந்தார்கள், தொண்டை கட்டாமல் கத்தவும் கற்றுத்தந்தார்கள். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய், காட்ட வேண்டியதைக் காட்டி, அதே பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை வாந்தியும் அழுகையும்தான்.

மலாக்காவில் இருக்கும் எங்கள் பள்ளியின் பெயரில் தோட்டம் உண்டு. பள்ளியைச் சுற்றித் தோட்டம் கிடையாது. மரங்கள் போன இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. பிள்ளைகள் பலர் புக்கிட் காத்தில் பக்கமிருந்து வேனில் வருவார்கள். அம்மாக்களில் பாதிப் பேர் பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. அப்பாக்கள் லாரி, கிடங்கு, காவல் வேலை என்று ஆளுக்கொரு பக்கம். அதனால் பிள்ளைகளுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் தைப்பூசம், அல்லது யாராவது செத்துப்போனால்.

சுற்றுலாவுக்கு நான் வைத்திருந்த முதல் விதி, தலையை எண்ணக்கூடாது என்பது. எண்ணும்போது பிள்ளைகள் ஓடுவார்கள், ஒரே தலை இரண்டு முறை வரும், நமக்கும் தலை சுற்றும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. நின்ற இடத்திலிருந்து "உன் ஜோடி எங்க?" என்று கேட்டால் போதும். ஆனால் நெருங்கிய தோழர்களை ஜோடி சேர்க்கவே கூடாது. அவர்கள் கைகோத்துக்கொண்டு சந்தோஷமாகக் காணாமல் போவார்கள். எப்போது பார்த்தாலும் அடித்துக்கொள்கிற இரண்டு பேரைச் சேர்த்துவிட வேண்டும். ஒருவன் ஓரடி தப்பாக எடுத்துவைத்தாலும் மற்றவன் ஓடிவந்து கோள் சொல்லிவிடுவான். இந்த முறை என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

வாந்தி எடுப்பவர்களை முன் இருக்கையில் உட்காரவைப்பேன். கையில் ஆரஞ்சுத் தோல், மடியில் பிளாஸ்டிக் பை, நெற்றியில் தைலம். காலையில் வெறும் ரொட்டி. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களைத் திரும்பும்போதுதான் பிரிப்போம். வெள்ளிக்கிழமையென்றால் சம்பலில் நெத்திலி இருக்காது. இதையெல்லாம் திவ்யா எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவள் கேட்டதற்கு இது பதில் இல்லை.

அப்போது எங்கள் தலைமையாசிரியர் மாரிமுத்து சார். பிள்ளைகளுக்குப் பெரிய சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் எந்நேரமும் பள்ளிச் சாவிக்கொத்து இருக்கும். யோசிக்கும்போது அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருப்பார். சத்தம் நின்றுவிட்டால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் ஆசிரியைகள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதைவிடச் சாவியைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம்.

பள்ளி பஸ் வெளியூர் போகிற நாளில் அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏறி, கடைசி வரிசை வரை நடந்து, ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்ப்பார். எதுவும் பேசமாட்டார். இறங்கும்போது ஓட்டுநரின் தோளைத் தொட்டு "பெலான் பெலான்" என்பார், மெல்லப் போகச் சொல்லி. பிறகு பஸ் திரும்பும் வரை வீட்டுக்குப் போகாமல் கேட்டருகே உலாத்திக்கொண்டிருப்பார். சரியான தொடைநடுங்கி என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்ததுண்டு.

தலைநகர் கே.எல். கலைக்கூடத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது கிஷன் என்ற பையனால். ஓவியப் பாடத்தில் புத்தகத்திலிருந்த ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம். கிஷன் எழுந்து, "டீச்சர், நெஜப் படமும் இவ்ளோ சின்னதுதானா?" என்று கேட்டான். கையை விரித்துக் காட்டினேன். போதவில்லை. வகுப்புப் பலகை முழுக்க இருக்கும் என்றேன். அவன் பலகையையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று உட்கார்ந்தான். அவன் நம்பவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பெரிய சாரிடம் போனேன்.

"படம் பாக்க கே.எல். வரைக்குமா டீச்சர்? மலாக்காவுல இல்லாத மியூசியமா?"

"இங்க இருக்கறது எல்லாம் வரலாறு சார். அது படம்."

சாவி உருண்டது. நான் விடவில்லை, மறுபடி போனேன், மறுபடி கேட்டேன். கடைசியில் ஒரு நாள் சத்தம் நின்றது. "சரி, போயிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. அங்கேருந்து ஒரு புகார் வந்தாலும் அதோட நிறுத்திக்குவோம். அப்புறம் எந்த வகுப்பும் டோல் தாண்டாது." அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்குப் பின்னால் வரப்போகும் வகுப்புகளையெல்லாம் தலையில் சுமந்துகொண்டுதான் நான் அந்தப் பஸ்ஸில் ஏறினேன்.

அன்று வழக்கமான ஓட்டுநர் ராஜு அண்ணனுக்குக் காய்ச்சல். பஸ்காரர்கள் ஒரு மலாய்க்காரப் பெரியவரை அனுப்பியிருந்தார்கள். மென்மையான மனிதர். பெரிய சார் வழக்கம்போல முகங்களைப் பார்த்தார், ஓட்டுநரின் தோளைத் தொட்டார். இறங்கப் போனவர் படியில் திரும்பி நின்று, வழக்கத்துக்கு மாறாகப் பேசினார்.

"அங்க போயி சத்தம் போடக்கூடாது. கோயில்ல இருக்கிற மாதிரி நடந்துக்கணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சார்!" என்றது பஸ்.

வெளியே பனி இன்னும் விலகவில்லை. செம்பனைகள் இடுப்பளவு வெள்ளையில் நின்றுகொண்டிருந்தன. ஏர்கண்டிஷன் குளிரில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்க ஆரம்பித்தார்கள். விழித்திருந்தவர்கள் ஜன்னல் ஆவியில் விரலால் பெயர் எழுதினார்கள்; எழுதிய பெயருக்குள் மரங்கள் ஓடின. எனக்கும் அது விழிப்பா தூக்கமா என்று தெரியாத ஒரு சுகமாக இருந்தது.

டோல் சாவடிக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் ஒரு முனீஸ்வரர் கோயில் உண்டு. கோயில் என்றால் ஒரு மரம், ஒரு நிமிர்ந்த கல், மேலே தகரக் கூரை. தொலைதூரம் போகிற நம் ஆட்கள் அங்கே வண்டியை நிறுத்தி, சூடம் கொளுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் போவார்கள். ராஜு அண்ணன் ஒரு நாளும் நிறுத்தாமல் போனதில்லை. புதிய ஓட்டுநருக்கு இது எப்படித் தெரியும்? பஸ் நேராகப் போய்விட்டது.

அப்போது தர்ஷினி என் இருக்கைக்கு வந்து நின்றாள். ஒல்லியான பெண், அதிகம் பேசமாட்டாள். அவள் அப்பா சுங்கை ஊடாங்கிலிருந்து எண்ணெய் டாங்கி லாரி ஓட்டுபவர்.

"டீச்சர், பஸ் நிக்கலையே."

"என்னம்மா, அவசரமா? கொஞ்சம் அடக்கிக்கோ, ரெஸ்ட் ஏரியா வந்துரும்."

"அதில்ல டீச்சர்..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் முன் இருக்கையில் ஒருத்தன் வாந்தி எடுத்துவிட்டான். நான் பையும் துணியுமாக ஓடினேன். அவள் எப்போது தன் இடத்துக்குத் திரும்பிப்போனாள் என்று கவனிக்கவில்லை.

கலைக்கூடத்தின் கண்ணாடிக் கதவருகே என் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரும் சொல்லாமல் அத்தனை பேரும் காலணியைக் கழற்றி, ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்துவிட்டார்கள். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகாவுக்குச் சிரிப்பு பொறுக்கவில்லை. காலணி போட்டுக்கொண்டே போகலாம் என்று அவர் மலாயில் சொல்லச் சொல்ல, "பெரிய சார் கோயில் மாதிரின்னு சொன்னாரு" என்றான் கிஷன். எல்லோருக்கும் மறுபடி காலணி மாட்டி உள்ளே நுழைவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

உள்ளே குளிர்ந்த வெளிச்சம். எங்கேயோ உயரத்திலிருந்து வந்து தரையில் படுத்துக்கிடந்தது. பேசினால் நம் பேச்சு நமக்கே கொஞ்சம் தள்ளிக் கேட்டது. முதல் அறையில் ஒரு சுவர் முழுக்க ஒரே படம். அதில் மரமும் இல்லை, மனிதரும் இல்லை, நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். பிள்ளைகள் அதன் முன்னால் மெல்ல உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி கடல் என்றாள். இன்னொருத்தன் விமானத்திலிருந்து பார்த்த செம்பனை என்றான், விமானத்தில் ஏறாதவன். "இல்லலா, கண்ண மூடிக்கிட்டு சூரியனப் பாத்தா கடைசியா வருமே, அந்தக் கலரு" என்று ஒரு குரல் வந்தது. கிஷன் எழுந்தான். படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தான். திரும்பவும் நடந்தான். என்னிடம் வந்து, "பெருசுதான் டீச்சர்" என்றான். இவ்வளவு வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய சான்றிதழ் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த அறையில் சிற்பங்கள். அதன் நடுவில் ஒரு கருங்கல் நின்றது. என் தோளுயரம், கீழே அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முழுக்க உளித் தழும்பு. பக்கத்துப் பலகையில் 'தலைப்பு இல்லை' என்று மலாயில் போட்டிருந்தது. நான் அந்தப் பலகையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் கிஷன் ஓடிவந்தான். அவனும் தர்ஷினியும் ஜோடி. இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"டீச்சர்! தர்ஷினி சாமிக்கு விபூதி வெச்சிட்டா!"

கல்லின் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். தர்ஷினி காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகூப்பி, கண் மூடி நின்றுகொண்டிருந்தாள். உளித் தழும்புகளின் மேல் மூன்று விரல் பட்டை, வெள்ளை வெளேரென்று. தலைப்பு இல்லாத கல்லின் பெயர் என் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

 பெரிய சாரின் சாவிச் சத்தம் காதுக்குள் நின்றது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஜாகா வந்தார், கம்பியில்லாக் கருவியில் பேசினார், அறைக்குக் குறுக்கே கயிறு கட்டினார். கலைப்பொருள்களைப் பழுது பார்த்துப் பராமரிக்கும் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். முக்காடு அணிந்த நடுத்தர வயதுக்காரர். புவான் நோர் என்று சொல்லிக்கொண்டார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவே இல்லை. கல்லின் முன் மண்டியிட்டு, ஒரு சின்ன விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்: "இது சாம்பல் மட்டும்தானா? குங்குமம், எண்ணெய், தண்ணீர் எதுவும் இல்லையே?"

தர்ஷினி தலையை ஆட்டினாள். காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். உலர்ந்த விபூதி.

"தண்ணீரில் குழைத்திருந்தால் கல் குடித்திருக்கும்," என்றார். "ஏன் வைத்தாய், கண்ணு?"

நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தர்ஷினி என்னைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "காலையில பஸ் முனி கோயில்ல நிக்கல டீச்சர். எங்கப்பா அங்க நிப்பாட்டாம டாங்கிய எடுக்கவே மாட்டாரு. நாம எல்லாரும் திரும்பி வரணும்ல? அதான் இங்க முனியப் பாத்ததும் வெச்சிட்டேன்."

காலையில் அவள் சொல்ல வந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வழி நெடுக நாங்கள் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டு வர, இவள் ஒருத்தி எங்கள் எல்லோருக்குமாகப் பயந்துகொண்டு வந்திருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அப்படியே மலாயில் சொன்னேன்.

புவான் நோர் முழுவதையும் கேட்டார். பிறகு தர்ஷினியிடம், "நான் இதை எடுக்க வேண்டும். எடுக்கலாமா?" என்றார். ஒரு குழந்தையிடம் அனுமதி கேட்கிறாரே என்று நான் பார்த்தேன்.

தர்ஷினி யோசித்தாள். "எடுக்கலாம். ஆனா கீழ கொட்டக்கூடாது. கால்ல மிதிபட்டுரும்."

அதை நான் மலாயில் சொன்னபோது அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். கீழே கொட்டக்கூடாது என்பதுதான் அவர்களுடைய வேலையிலும் சட்டமாம். மெல்லிய வெள்ளைத் தாளை மடித்துக் கல்லை ஒட்டிப் பிடித்துக்கொண்டார். ஆட்டுமுடித் தூரிகையால் தேய்க்காமல், அழுத்தாமல், தழும்பின் போக்கிலேயே ஒற்றி ஒற்றித் தள்ளினார். தூரிகை போகாத இடுக்குகளில் ஒரு ரப்பர்க் குமிழை அழுத்தி மூச்சுவிடுவதுபோல் ஊதினார். ஒவ்வொரு தழும்பு முடிந்ததும் விளக்கைச் சாய்த்துப் பார்ப்பார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, அபிஷேகம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இருமல் இல்லை. அந்த வெளிச்சத்தில் விபூதித் தூள் எழும்பி மிதந்து தாளில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, நான் பயத்தையே மறந்துபோனேன்.

முடிந்ததும் தாளை மடித்துத் தர்ஷினியின் கையில் கொடுத்தார். என்னிடம் திரும்பியபோது முகம் அலுவலக முகமாகிவிட்டது. "கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் பள்ளிக்கும் அனுப்புவோம். மன்னியுங்கள்."

மன்னிக்க என்ன இருக்கிறது? அது அவர் வேலை.

திரும்பும் பஸ்ஸில் நாசி லெமாக் வாசனையும் முணுமுணுப்பும். "இனிமே எங்கயும் போக முடியாது, எல்லாம் இவளாலதான்." தர்ஷினி பொட்டலத்தைப் பிரிக்காமல் ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள். என்னைப் பார்த்து, "ரிப்போட் வந்தா நிறுத்திருவாங்களா டீச்சர்? எல்லாருக்குமா?" என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை, தலையைத் தடவிவிட்டேன். அவள் ஜோடி கிஷன்தான் வாயில் சோற்றோடு பின்பக்கம் திரும்பிக் கத்தினான்: "ஏய், பஸ் நல்லாத்தானே ஓடுது? அவ வெக்காம இருந்தா எங்கயாச்சும் படுத்திருக்கும், அப்ப தெரிஞ்சிருக்கும்லா!"  பஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். காலையிலேயே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே என்று வருத்தப்பட்டார். டோல் தாண்டியதும் அவராகவே பஸ்ஸை வளைத்து, முனி கோயிலருகே நிறுத்தினார். மஞ்சள் வெயில் செம்பனைகளுக்கு நடுவே சாய்ந்துகொண்டிருந்தது. தர்ஷினி தாளைப் பிரித்து, விபூதியை மரத்தடியில் கொட்டினாள். அப்பாவுக்கு என்று ஒரு சிட்டிகையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக் கேட்டில் பெரிய சார் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் இறங்க இறங்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். கடிதம் வரும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், காலணி வரிசை முதல் கொண்டு. 'கோயில்ல இருக்கிற மாதிரி' என்று அவர் சொன்னதையும் விடவில்லை.  சாவி உருண்டுகொண்டே இருந்தது.

"தர்ஷினிய கூப்பிடுங்க."

அவள் வந்தாள். கிஷனும் கூப்பிடாமலே பின்னால் வந்து நின்றான்.

"எதுக்கும்மா வெச்ச?"

"எல்லாரும் திரும்பி வரணும்னு, சார்."

சாவிச் சத்தம் நின்றது.  அவர் காலியான பஸ்ஸைப் பார்த்தார், கேட்டுக்கு வெளியே அம்மாக்களின் மோட்டார் சைக்கிள்களில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். காலையிலிருந்து அந்தக் கேட்டருகே அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தொடைநடுங்கி என்று நாங்கள் கேலி செய்த மனிதர்.

"மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

தர்ஷினி மடித்த தாளை எடுத்தாள். அப்பாவுக்கென்று வைத்திருந்த சிட்டிகை அது. பெரிய சார் அவள் உயரத்துக்குக் குனிந்தார். அவள் எம்பி, மூன்று விரலால் அவர் நெற்றியில் இழுத்துவிட்டாள். மூக்கில் சிந்தியதை அவர் துடைக்கவில்லை.

நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: "கடிதாசி வரட்டும், நான் பதில் எழுதிக்கறேன். அடுத்த வருஷம் போறப்ப பஸ்ஸ முனி கோயில்ல நிறுத்திட்டுப் போங்க டீச்சர்."

ஆகவே திவ்யா, ஆரஞ்சுத் தோல், பிளாஸ்டிக் பை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஓட்டுநரிடம் சொல்லிவை.